மூக்கு மந்தமான வண்டி

ஜூன் 3, செவ்வாய்

டூஃபி அம்மாவின் வண்டி மறுபடியும் பட்டறை வாசலில். போன வாரம்தான் புது ஆக்சிஜன் சென்சார் மாட்டி, இனி கவலையில்லை என்று அனுப்பினேன். இன்று சாவியை என் மேசைமேல் விட்டெறிந்தார்.

"மாம்போங் ஏத்தத்துல நட்டநடுவுல நின்னுபோச்சு, அடோமா. உள்ள வலியில துடிக்கிற பொண்ணு. வழியில போனவங்க தள்ளிவிட்டாங்க. உன் தங்கச்சிய இதுல ஏத்தட்டுமா? நீயே சொல்லு."

சாவியை எடுத்துக்கொண்டேன். ஏற்றத்தின் அடியில் இருக்கிற எங்கள் ஊருக்கே மருத்துவச்சி அவர். தங்கை கொனாடுவுக்கு இந்த மாதம்தான் நாள். முதல் குழந்தை, வண்டி கிடைக்காமல் அந்த ஏற்றத்தின் அடியிலேயே போய்விட்டது. இது வயிற்றில் குறுக்கே கிடக்கிறது. வலி கண்டதும் மேலே ஆஸ்பத்திரிக்கு ஏற்றியாக வேண்டும். அதுவரை இங்கே குமாசிக்கு என்னிடம் கூட்டிவரலாமென்றால், அவ்வளவு தூரம் ரோட்டில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஊரில் எப்போது கூப்பிட்டாலும் வருகிற வண்டி இது ஒன்றுதான்.

ஜூன் 4

ஸ்கேனரை மாட்டினேன். திரையில் கோடு மேலும் கீழும் துள்ள வேண்டும். இதுவோ சோம்பேறி புரண்டு படுப்பதுபோல் அசைகிறது. புகையில் மிஞ்சின ஆக்சிஜனை மோந்து, பெட்ரோல் கூடவா குறையவா என்று கம்ப்யூட்டரிடம் சொல்வதுதான் இதற்கு வேலை. மோந்து, யோசித்து, சாவகாசமாகச் சொல்கிறது. அதற்குள் ஏற்றத்தில் இஞ்சின் திணறிச் செத்துப்போகிறது.

ஒயர்கள் சரி. ஒரு காற்றுக்குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன், காற்று கூடியும் கோடு சட்டென்று விழவில்லை. கழற்றினால் முனையெல்லாம் வெள்ளைப் பொடி. புது சென்சாரில் எப்படி?

எதிர்க்கடை போன்சுவுக்கு ஒரே சிரிப்பு. பழைய உதிரிபாகமும், இஞ்சின் இடுக்கை அடைக்கிற கம் என்கிற பசை ட்யூபும் விற்கிறவன். "பொம்பள மெக்கானிக்னா சென்சாருக்கும் வெக்கம் போல. மெதுவாத்தான் பேசுது!"

"உன் வாய்க்கு ஒரு சென்சார் மாட்டணும்டா" என்றேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

பெட்ரோல்தான் கெட்டது என்று முடிவு கட்டி, டாங்கைக் காலி செய்தேன். வேறு சென்சார் மாட்டினேன். புகைக்குழாய் இணைப்பில் கொஞ்சம் கசிவு மாதிரி தெரிந்தது, கம்மைத் தாராளமாகப் பிதுக்கி அடைத்தேன். போன தடவை போலவே இஞ்சின் மூடிக்கும் ஒரு சுற்று. எங்கள் பட்டறைப் பேட்டை சுவாமே மேகசினில் கம் பூசாத இஞ்சின் ஏது? இணைப்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட் கிழிந்தால் கம், கிழியாவிட்டாலும் கம்.

கோடு துள்ளியது. நிம்மதியாகக் கெங்கே சாப்பிட்டேன்.

ஜூன் 11

மறுபடி மந்தம். மறுபடி வெள்ளைப் பொடி. வண்டிக்கு அடியில் படுத்தபடியே அழுதேன். யாராவது எட்டிப் பார்த்தால் கண்ணில் துரு விழுந்தது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 13

கொனாடு போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறதாம். "வண்டி ரெடியாக்கா?"

"ரெடிடி."

கடவுளே, என்ன வாய் இது!

ஜூன் 14, சனி

பெரிய இடத்துச் சாவு. மேகசினே துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு போய்விட்டது. போன்சு கடைக்கும் பூட்டு. என் கம் ட்யூப் காலி, சுருட்டிப் பிழிந்தும் ஒரு துளி வரவில்லை.

நொறுங்கின வண்டி ஒன்றிலிருந்து எடுத்த சென்சார் இருந்தது. கேஸ் அடுப்புத் தீயில் முனையைக் காட்டி மீட்டரைப் பார்த்தேன், துடிப்பாகத்தான் இருக்கிறது. மாட்டினேன். கம் இல்லாததால் பழையதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு இடத்துக்கும் கேஸ்கெட் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினேன். கை வலி உயிர் போகிறது. இதுவும் போனால் என்னிடம் வேறு சென்சார் இல்லை.

ஜூன் 17

தினமும் ஓட்டுகிறேன். கோடு இன்னும் துள்ளுகிறது. சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது. அதே பங்க் பெட்ரோல். அதே ஒயர். என்னதான் மாறியது?

கம். கம் மட்டும்தான் இல்லை!

ஓடிப்போய் போன்சுவிடம் ஒரு ட்யூப் வாங்கி, இரும்புத் தகட்டில் பிதுக்கித் தீயைக் காட்டினேன். புகைந்தது. கருகினதும் மிஞ்சியது வெள்ளைப் பொடி. அதே பொடி. அந்தப் புகைதான் சென்சார் முனையில் போய்ப் படிந்திருக்கிறது. ஐயோ, நானேதான். ஒவ்வொரு சென்சாராக மாட்டி, அதன் மூக்கை நானே அடைத்திருக்கிறேன். பின்னாலேயே வந்த போன்சு தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். 

ஜூன் 19

ஊருக்கே வண்டியை ஓட்டிப்போய் டூஃபி அம்மாவிடம் கம், பொடி, தாமதமாகச் சொன்ன சென்சார், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். சாவியை வாங்கி, மறுபடி என் கையிலேயே திணித்தார்.

"பூசினவ நீ, சுரண்டினவளும் நீ. அப்ப ஓட்டுறவளும் நீயே. வலி காணுற வரைக்கும் இங்கேயே கிட. நின்னா நீ தள்ளு."

கொனாடு வீட்டில் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். அவள் முனகினாலே சாவியைத் தேடுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

விடியலில் வலி. மழை வேறு. டூஃபி அம்மா பின்சீட்டில் அவளைப் பிடித்துக்கொண்டார். ஏற்றம் ஆரம்பித்ததும் காதை இஞ்சினிலேயே வைத்திருந்தேன். முன்பு வண்டி நின்றுபோன வளைவு வந்தது. இஞ்சின் சத்தம் இறங்குகிறதா? கிளட்சா? மழையா?

பின்னாலிருந்து கொனாடு வீறிட்டாள். "அடியே அக்கா! நான் கத்துறது காதுல விழுதா? ஒரு வார்த்த ஆறுதலா சொல்லேன்டி! இஞ்சினையே கேட்டுக்கிட்டு இருக்க!"

"இருக்கேன்டி. இதோ வந்தாச்சு. இருக்கேன்." அழுதுகொண்டே ஓட்டினேன். வளைவு எப்போது பின்னால் போனது என்று தெரியாது.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பையன். இரண்டு பேரும் நலம்.

ஜூன் 29, ஞாயிறு

எட்டாம் நாள், பெயர் வைத்தார்கள். டூஃபி அம்மா அவனை மடியில் வைத்து, விரலால் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." அப்புறம் ஒரு சொட்டுச் சாராயம். முகத்தைச் சுளித்தான். "சாராயம்னா சாராயம்னு சொல்லு."

உள்ளதை உள்ளபடி சொல்லப் பழக்குகிற சடங்கு, வழக்கமாக அதோடு முடியும். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதுக்கிட்டே குனிந்தார்.

"உடனே சொல்லு."