நானுஓயா என்றால் என்ன?

பெப்ரவரி 12, 2024 – திங்கள்

தேயிலை மலையில் பேர் பதிந்து இன்றோடு ஒரு வாரம். கொழுந்து பறிக்கக் கை பழகிவிட்டது, காதுதான் பழகவில்லை. டிக்கோயாவில் நாங்கள் பேசும் அதே தமிழைத்தான் இந்த வட்டகொடைப் பெண்களும் பேசுகிறார்கள், ஆனால் பாதி புரிவதில்லை. இன்று சர்மிளா, "டவரு ஃபுல்லா இருக்குடி" என்றாள். சிக்னலைத்தான் சொல்கிறாள் என்று நம்பி ஃபோனை எடுத்தேன். மேட்டிலிருந்து, எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கத்தினார்: "ஏ புதுப்பிள்ள, வேல நேரத்துல என்ன ஃபோனு?" எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்தான் டவராம்! உயரத்தில் அசையாமல் நின்று நம்மையே பார்க்கிறவர்.

அட! இனி ஒன்று விடாமல் எழுதி வைக்கப் போகிறேன்.

பெப்ரவரி 16

பெரட்டுப் பல்லு – காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும்போது மட்டும் தெரியும் சிரிப்பு. மலை ஏறினால் காணாமல் போய்விடும்.

அட்டைச் சொந்தம் – ஒட்டினால் வயிறு நிரம்பும்வரை விழாத உறவினர். (சர்மிளாவின் நாத்தனார் வந்து பதினோரு நாள்.)

சார்ஜு போடுறது – செடிக்குப் பின்னால் குந்தி வெற்றிலை போடுவது. டவர் இல்லாதபோதுதான் சார்ஜு ஏறும்!

பெப்ரவரி 21

புதுச் சொல். சுலக்ஷனா ஏதோ யோசனையில் தன் நிரையை விட்டு அடுத்தவள் நிரைக்குள் பறித்துக்கொண்டே போய்விட்டாள். "பாரு, நானுஓயா போயிட்டா" என்றாள் சர்மிளா. சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, நானும் வீரம்மாக்காவும் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவசரமாகக் குனிந்து பறிக்கத் தொடங்கினார்கள். அர்த்தம் கேட்டேன். "ஒண்ணுமில்லடி, பறி." வீரம்மாக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான். இத்தனை நாளில் என்னிடம் சொன்னது "தள்ளி நில்லு" மட்டும்தான்.

நானுஓயாவா? வேறு ஊரே கிடைக்கவில்லையா?

பெப்ரவரி 22

என்னைத்தான் சொல்கிறார்கள்.

பெப்ரவரி 24

மலையில் பேர் பதிவதற்கு முன்னே, கல்யாணமாகி அம்மா வீட்டிலிருந்து முதல் தடவை தனியாக வந்த நாள் அது. ஹட்டனில் ரயில் ஏறித் தூங்கிவிட்டேன். வட்டகொடை தாண்டியதே தெரியாது, முழித்தால் நானுஓயா. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கஜேந்திரன்தான் ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப் போனார். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினேன். கட்டின புருசனுக்கு ஒரு வார்த்த வாயில நிக்காதா? கேட்டால், "சத்தியமா நான் சொல்லல" என்கிறார். அப்ப யாரு, ரயிலு வந்து சொல்லிச்சா? வெட்கமாக இருக்கிறது. இனி அந்த மலையில் எப்படி நிற்பேன்? பேசாமல் டிக்கோயாவுக்கே போய்விடலாம்.

பெப்ரவரி 26

அர்த்தம் தெரியாமல் டிக்கோயாவுக்குப் போய் என்ன செய்ய? மலைக்குத்தான் போனேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சர்மிளா மறுபடி அதையே கிசுகிசுத்தாள். பொறுக்க முடியவில்லை. "என்னயத்தானே சொல்றீங்க? ஆமா, நான் நானுஓயா போனவதான். ரயில்ல தூங்கிட்டேன். அதுக்கு இப்ப என்ன?"

சர்மிளா திருதிருவென்று முழித்தாள். வீரம்மாக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"நீயுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எறங்கி அழுதியா?"

"ஆமாக்கா."

"நானும் அழுதேன்டி! கையில பலாப்பழம் வேற!"

அப்புறம்தான் விஷயம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, புதுப் பெண்ணாக, அவரும் அதே ரயிலில் தூங்கியிருக்கிறார். சொல் அன்றைக்கே பிறந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொன்ன ஒருத்தியின் கூடையை அக்கா பள்ளத்தில் கவிழ்த்தாராம். அதிலிருந்து கிசுகிசுதான். என் கதை அங்கே ஒருத்திக்கும் தெரியாது. நானாகவே போய் உளறியிருக்கிறேன்!

"இத்தன வருசமா நான் ஒருத்திதான் மடச்சின்னு நெனச்சிட்டேன்டி" என்று அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

நானுஓயா போறது – இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவது. இதுவரை இருவர்.

கஜேந்திரன் பாவம். முட்டை பொரித்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "நானும் அட்டதான், ஒரு முட்டைக்கு விழமாட்டேன்" என்றார். இரண்டாவதும் பொரித்தேன்.

ஏப்ரல் 17 – புதன்

சித்திரைப் புது வருஷத்துக்கு டிக்கோயா போய்விட்டு இன்று தனியாகத் திரும்பினேன். தலவாக்கலை தாண்டியதும் ஃபோன். வீரம்மாக்கா.

"எங்கடி இருக்க?"

"அடுத்தது வட்டகொடைதான்க்கா."

"உக்காராத. எந்திரிச்சு நில்லு."

எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன், அக்காவுக்கென்று ஹட்டனில் வாங்கிய பலாப்பழத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு.