குவளைக்குள் ஊதிய பாட்டு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் நீல எனாமல் குவளையைக் கழுவினேன். புளி போட்டுத் தேய்த்தும், விளிம்பில் மவுத் ஆர்கன் உரசி விழுந்த கோடுகள் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். ஈர உலோக வாடை. வாசித்து முடித்ததும் உங்கள் மீசையில் இருக்குமே, அதே வாடை. நீங்கள் போய் இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

எழுபதுகளின் நடுவில், நமக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டுகளில், கப்பல் பட்டறையில் பாரம் இழுக்கும் வின்ச்சின் கயிறு உங்கள் இடக்கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது. நீங்கள் அழவில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகினீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது சோறு வடித்து வைத்திருப்பீர்கள். மவுத் ஆர்கனை மட்டும் தொடவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொரு டிசம்பரும் நம் கோயிலின் கிறிஸ்துமஸ் கேரல் குழுவோடு சிராங்கூன் ரோட்டைச் சுற்றி வீடு வீடாகப் போய் வாசித்தவர் நீங்கள்.

சாவு விழுந்த வீட்டுக்குக் கேரல் போனால் கிட்டாரையும் கஞ்சிராவையும் வெளி நடையிலேயே வைத்துவிடுவார்கள். உள்ளே வந்து தாழ்ந்த குரலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். அந்த ஆண்டு நம் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். ஜெபம் முடியும்வரை நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். பிறகு குழுவை நடத்தும் அந்தோணியிடம் கேட்டீர்கள்.

“ஏன்லா, நம்ம வீட்ல யாரு செத்தது?”

“இல்லண்ணே, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…”

“கைதான்லா போச்சு.”

அத்தனை பேருக்கும் நீங்களே கேக் எடுத்துக் கொடுத்தீர்கள். அவர்கள் படியிறங்கியதும் அலமாரியைத் திறந்து மவுத் ஆர்கனை எடுத்தீர்கள்.

ஒரு கையால் நடுவில் பிடித்தால் உதடு போக இடமில்லை. ஓரத்தில் பிடித்தால் மறு ஓரம் தொங்கி, ஒரு சுரம் வர வேண்டிய இடத்தில் மூன்று சேர்ந்து அலறும். நம் வீட்டில் பூனை குட்டி போடுகிறதா என்று பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி என்னிடம் மலாய் மொழியில் கேட்டார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் தாங்கப் பழகியபின் சுரங்கள் பிரிந்து வந்தன. ஆனால் அவை அசையவில்லை. மற்றக் கையைக் குவித்து விரித்தால்தான் பாட்டுக்கு நடுக்கம் வரும். ஒரு நாள் நான் பக்கத்தில் நின்று என் உள்ளங்கையைக் குவித்துக் கொடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

“உன் கை நல்லாத்தான் அசையுது. நான் எங்க மூச்சு விடுவேன்னு அதுக்குத் தெரியலயே.”

அன்று எனக்கு வலித்தது. நீங்கள் சொன்னது சரி என்பதால் இன்னும் வலித்தது.

பிறகு ஒரு காலையில், காப்பி குடித்து முடித்த குவளையை மவுத் ஆர்கன் பக்கம் சும்மா சாய்த்து வாசித்தீர்கள். சுரம் உள்ளே போய் வளைந்து வெளியே வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குவளையின் பிடியில் துணிப்பட்டை தைத்துத் தரச் சொன்னீர்கள். தைத்துக் கொடுத்தேன். அதை இடது முன்கையில் மாட்டிக்கொண்டு, மூடியும் திறந்தும் மாதக்கணக்கில் பழகினீர்கள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நானும் உங்களோடு கிளம்பினேன். அடுக்குமாடி பிளாக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காததால் மேலிருந்து படி வழியாக இறங்கி வருவதுதான் வழக்கம். உங்களால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது; இருந்த ஒரே கையில் மவுத் ஆர்கன். நான் குவளையைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு படி முன்னால் இறங்கினேன். நீங்கள் இடது முன்கையை என் தோளில் வைத்தீர்கள். விபத்துக்குப் பிறகு, வெளியாள் பார்க்க, அந்தக் கையை நீங்கள் சட்டைக்குள் மறைக்காதது அன்றுதான் முதல் முறை.

ஒவ்வொரு வாசலிலும் வேகமாக வாசித்தீர்கள். “அண்ணே, மெதுவா. நாங்க பாடணும்ல,” என்றார் அந்தோணி. அதற்குப் பிறகு ஓர் ஆண்டுகூட நாம் தவறவில்லை. உங்களுக்குப் படி இறங்க நான் வேண்டும் என்று வந்தவள், போகப்போகப் பாடவும் தொடங்கினேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அந்தோணி என்னைத் தனியே அழைத்தார். “அண்ணி, இந்த வருஷம் நீங்க வர வேணாம். துக்க வருஷம்ல. நாங்களே வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போறோம்.” அன்பாகத்தான் சொன்னார். நம் மகளும் அதையே சொல்கிறாள். நான் இருவரிடமும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. இடது தோளில் உங்கள் கையின் கனம் இருக்கிறது. துணி காயப்போடும்போது, கரும்பலகையில் எழுதும்போது, பஸ்ஸில் நிற்கும்போது சில நேரம் அந்தத் தோள் தானாகவே கொஞ்சம் தாழ்ந்துகொடுக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து அவர்களுடைய ஜெபத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை. கேரல் வரும் அன்று மாலை, அவர்கள் வருவதற்கு முன்பே இந்தக் குவளையோடு போய், நம் பிளாக்கின் மேல்மாடிப் படியில் நிற்பேன், அவர்களோடு பாடிக்கொண்டு இறங்க.