அணிந்துரை இல்லாத புத்தகம்

ஹனோவர்
17.11.1996

அன்பு மகள் லவினியாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கு சுகம், குளிர்தான் எங்களோடு கோபம். ரொறன்ரோவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் நாவல் அப்பாவின் அணிந்துரைக்காக வைகாசியிலிருந்து சென்னை அச்சகத்தில் காத்துக் கிடக்கிறது என்று நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை பிள்ளை. மனுசன் சும்மா இருக்கவில்லை, எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். உன் அப்பப்பா மன்னாரில் கூத்து எழுதிய கதை, பிறகு தான் கூத்து எழுதிய கதை என்று இருபது பக்கம் தாண்டிவிட்டது, நீ இன்னும் அதற்குள் பிறக்கவேயில்லை.

போன சனிக்கிழமை எங்கள் கோவில் மண்டபத்துக்கு முதின்டா என்றொரு நாவலாசிரியை வந்தாள். ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டுப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். தகப்பன் அங்கே பேர்போன நாடகாசிரியர், தாய் கவிதை எழுதுகிறவர், தமையனும் எழுத்தாளன். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன், அப்பா கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அவள் இங்கிலீசில் வாசிக்க கோவில் மக்டலீன் சிஸ்டர் அதை ஜேர்மன் மொழியில் சொன்னார். மகன் செத்த வீட்டில் ஒரு தாய் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள், அழ அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான் கதை. குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. ஒரு பெண்பிள்ளை தனியே நின்று இத்தனை சனத்தையும் இப்படிக் கட்டிப்போட முடியுமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தபின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினால் முதற் பக்கத்திலேயே கதை தொடங்குகிறது. எங்கள் புத்தகங்களில் நாலு பெரியவர்கள் வாழ்த்திய பிறகல்லவா கதை வரும், தாள் கிழிந்துபோயிற்றாக்கும் என்று நினைத்து, உன் அப்பாவின் அணிந்துரை எங்கே பிள்ளை என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அதை விளங்கப்படுத்த சிஸ்டர் பட்ட பாடு! விளங்கியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னுடைய அப்பா வாசலில் நின்று கதைக்கத் தொடங்கினால் வந்த சனம் என்னைப் பார்க்க உள்ளே வராதே அம்மா என்றாள். புத்தகம் வெளிவந்த பிறகுதான் தகப்பனே வாசித்தாராம். பக்கத்தில் நின்ற உன் அப்பா கையிலிருந்த ரோல்ஸை வாயில் வைக்கவில்லை.

மறுநாள் அவர் பூசைக்கும் வராமல் நீ அனுப்பிய நாவல் தாள்களை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, மனுசன் அதுவரை மூன்றாம் அத்தியாயம்கூடத் தாண்டவில்லை. நான் பூசை கண்டு வந்து, சமைத்து, சோறு ஆறி, பின்னேரமாகியும் அவர் எழும்பவில்லை. கடைசித் தாளை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேர்பெச்சுவா, நானெண்டா இதை எழுதியிருக்க ஏலாது, இதுக்கு முன்னாலை நான் என்னத்தைச் சொல்ல என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசன் சொல்லில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே அணிந்துரை வராது மகள், கோபமென்று நினைக்காதே. சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, காதை மூடாமல் வெளியே போகாதே. மாதாவின் அரவணைப்பும் எங்கள் ஆசீரும் உனக்கும் உன் எழுத்துக்கும் என்றும் இருக்கட்டும். அச்சகத்துக்கு இன்றைக்கே போன் எடு. முதற் பிரதியை அப்பாவுக்கு அனுப்பிப்போடாதே, காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாய் நிற்கிறார்.

உன் அன்பு அம்மா,
பேர்பெச்சுவா அருட்பிரகாசம்