வேனின் பின்கதவு

மார்ச் 4, செவ்வாய்
மூன்றாவது மாடியில் குழாய் மாற்றிவிட்டுக் கீழே வந்தால், வேனின் பின்கதவு பப்பரப்பா என்று திறந்து கிடக்கிறது. டிரில் மிஷின், பைப் வெட்டும் செட், பெரிய ரெஞ்சு இரண்டு — எல்லாம் போச்சு. வண்டியோடு வந்த கம்பெனி அலாரம் முனகக்கூட இல்லை.

கடைசியாகப் பூட்டியது என்னோடு வேலைக்கு வரும் மச்சினன். கேட்டால், “ரிமோட்ட அமுக்கினேன் மாமா, லைட்டு மின்னிச்சு, பாத்தேன்” என்கிறான். மின்னியதாம்! வீட்டுக்காரர், வாட்ச்மேன், நாலு பேர் பார்க்க ரிமோட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அவன் கண் கலங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த டைரியிலாவது பொய் எழுதுவானேன்?

மார்ச் 5
இனி வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். மனைவி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தம்பி பாசம்.

மார்ச் 9
அவனை வேறு எந்தப் பிளம்பரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஏன் என்று எனக்குத் தெரியும். அவனே எடுத்திருப்பானோ என்று கேட்டவர்களிடமெல்லாம் உதட்டைப் பிதுக்கிக் காட்டியது நான்தானே.

மார்ச் 12, புதன்
வேனுக்குப் புது அலாரம். பின்கதவுக்குத் தனி சென்சார், காதைக் கிழிக்கிற சைரன். பூட்டியபின் கதவை இழுத்தாலே அலறும்.

ஒயர் இழுப்பதற்காக மெக்கானிக் உள்ளே இருந்த ரேக்கைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரேக்கின் நீள ஸ்குரு ஒன்று பின்கதவுப் பூட்டுக்குப் போகும் ஒயரில் இறங்கியிருந்தது. வண்டி குலுங்கக் குலுங்கத் தேய்ந்து அறுந்திருக்கிறது. முன்கதவு பூட்டும், லைட் மின்னும், பின்கதவு மட்டும் பூட்டாது; அதைத் திறந்தாலும் அலாரம் கத்தாது.

“அமுக்கினவன் மேல தப்பே இல்ல சார். இத மாட்டினது யாரு?”

போன மாதம் மாட்டியது நான். சின்ன ஸ்குரு போதும் மாமா என்று அவன் சொன்னான். நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று திட்டிவிட்டு நீளமானதை இறக்கினேன்.

யாரோ ஒரு ஆள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

மார்ச் 13
சொல்லணும். சொல்லணுமா? சொன்னா அவ என்னப் பாக்குற பார்வை... அந்தப் பயகிட்ட போய் நான் தலை குனியறதா? போன சாமான் என்ன திரும்பியா வரப்போகுது?

மார்ச் 20, வியாழன்
மாலையில் அவனே வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே நின்றான்.

“நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன் மாமா. லைட்டு மின்னுன மாதிரி எனக்குத்தான் தோணிருக்கு. நான்தான் சரியா அமுக்கல. மன்னிச்சிருங்க.”

செய்யாததைச் செய்ததாக அவனே நம்பிவிட்டான். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை வாய் வரை வந்தது.

“சரி, நாளைக்கு வா. இனிமேலாவது கவனமா இரு.”

இரண்டு வாரம் கழித்து அவள் இன்று பக்கத்தில் நின்று பரிமாறினாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 21
ரிமோட் இனி என்னிடம் மட்டும்தான். காலையில் நான் பூட்டிவிட்டு நடந்தேன். பின்னால் வந்தவனுக்கு மனசு கேட்கவில்லை போல. திரும்பிப் போய், பூட்டியிருக்கிறதா என்று பின்கதவை இழுத்துப் பார்த்தான். சைரன் அலறியது. தெருவே நின்று அவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. இரண்டு கையையும் தூக்கியபடி என்னைப் பார்த்தான்.

ரிமோட் சட்டைப் பையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தேன்.