ஆரோரூட் என்று எழுதிய தொட்டி

6-7-1953, திங்கள்

குற்றாலம் பங்களாவைக் காலி செய்த மேலதிகாரி என் வீட்டுக்காரருக்கு ஒரு தொட்டிச் செடி கொடுத்தாராம். இவர் அதைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி வைத்ததில்லை. பச்சை இலையில் வெள்ளைத் தெறிப்பு, அழகுதான். தகரத் துண்டில் ‘ஆரோரூட்’ என்று இங்கிலீஷில் பெயின்ட் எழுத்து.

8-7, புதன்

அது ஆரோரூட் இல்லை.

பாளையங்கோட்டையில் இன்டர் முதல் வருஷம் படித்தபோது டீச்சர் ஆரோரூட் செடியைக் கையிலேயே கொடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வருஷத்தோடு கல்யாணம்; படிப்பு போயிற்று. காம்பும் இலையும் சேருமிடத்தில் விரல் கணு மாதிரி ஒரு புடைப்பு இருக்க வேண்டும். இதில் இல்லை. காம்பு சேம்பு மாதிரி தண்டைச் சுற்றியிருக்கிறது. ஒரு பழுத்த இலையைக் கிள்ளினேன். சாறு பட்ட இடம் சாயங்காலம்வரை அரித்தது. டீஃபன்பாக்கியா என்று நினைக்கிறேன். படம்தான் பார்த்திருக்கிறேன். வாயில் பட்டால் நாக்கு வீங்கும் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது.

9-7

இவரிடம் சொன்னேன். “அதிகாரி தப்பா எழுதுவாகளா? ஒரு வருசம் படிச்சுட்டு நீ பெரிய புரொபசராக்கும்!”

13-7, திங்கள்

பாப்பாவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. பத்து மாதக் குழந்தை, கண் உள்ளே போய்விட்டது. இவருடைய அம்மாவான அத்தை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

“ஆரோரூட்டு கஞ்சி குடுத்தா நின்னுரும். கடை மாவுல பூரா கலப்படம். நம்ம தொட்டியிலயே இருக்கே, தண்டு அடியில தடிச்சிருக்கு பாரு. வெள்ளிக்கெழம வெட்டி இடிச்சுத் தெளிய வைப்போம்.”

விஷம் அத்தை, வேண்டாம் என்றேன்.

“ஏட்டி, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

14-7

டீச்சருக்கு ஒரு கார்டு எழுதி, இலையையும் வரைந்து, தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுத்தேன்.

15-7

துவைக்க எடுத்த சட்டைப்பையில் அந்தக் கார்டு. “வீட்டு விசயத்த ஊருக்கு எழுதுவியோ?” என்கிறார். தபாலாபீஸ் நாலு வீடு தள்ளி இருக்கிறது. வந்து இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தனியாக அதன் படி ஏறியதில்லை.

16-7, வியாழன்

பிடுங்கி எறிந்துவிடலாமா? அத்தை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சினால் விஷம் போய்விடுமோ? நான்தான் தப்போ? ஒரு வருஷப் படிப்புதானே — ஐயோ, எனக்குத் தெரியலயே, அம்பாளே, கோமதியம்மா! நாளைக்கு வெள்ளி.

17-7, வெள்ளி

எழுத மட்டும்தான் முடிகிறது.

அத்தை அரிவாள்மணையோடு வந்தார். “நான் தின்னு காட்டுதேன் அத்தை. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா பாப்பாவுக்குக் குடுங்க” என்று தண்டில் சுண்டுவிரல் நுனி அளவு நறுக்கி மென்றேன். நெருப்பு. உதடும் நாக்கும் வீங்கி எச்சில் வழிந்தது, மூச்சு இழுத்தது. டாக்டர் வந்தார். “புள்ளைக்குக் குடுத்திருந்தா தொண்டை அடச்சுப் போயிருக்கும்” என்றார். செடி குப்பைக்குழிக்குப் போயிற்று.

நான் சொன்னது சரி! வலியிலும் சிரிப்பு வந்தது.

20-7, திங்கள்

தெருப் பெண்கள் சாவு வீட்டில் துஷ்டி கேட்பது மாதிரி வருகிறார்கள். அடுத்த வீட்டு முத்துமீனாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “புருசன்கூடச் சண்டைன்னா சாகவா பார்ப்பாக, பிரம்மநாயகி? கைப்புள்ளக்காரி இல்லையா நீ?” என்று அழுதார்.

அத்தை அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். பேத்திக்கு விஷத்தை இடிக்கப் போனேன் என்று எந்த வாயால் சொல்லுவார்? எனக்கு நாக்கு புரளவில்லை. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அழாதே என்றார்கள்.

24-7

பேச்சு வந்துவிட்டது. “நான் சாகவா தின்னேன்? நீங்களாவது சொல்லுங்க” என்று இவரிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அதிகாரி குடுத்த செடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப அது விசம்னா அவுகளுக்குத்தான கொறச்சல்? விட்டுரு.”

27-7, திங்கள்

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு அடியோடு நின்றுவிட்டது. கீழே இரண்டு பல் வந்திருக்கிறது.

இன்று ஆசாரி வந்து என் அறைக்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனார். எதற்கு என்று அவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளையை என்னிடம் தனியாக விடக்கூடாதாம். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் கொண்டுவருகிறார்கள். குடித்து முடிக்கும்வரை அத்தை எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.