எழுதப் போன இடத்தில் சமையல்கட்டு

வரிச்சிக்குடி
14-10-1983

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சிவப்பிப் பசுவுக்கு மட்டும் வயிறு உப்பி இப்போது தேவலை, அங்கே நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்பகரத்தூர் காளியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, பாதியிலேயே ஆரம்பிக்காதே.

நீ பிரான்சு போய்ச் சேர்ந்ததும் எழுதிய முதல் கடிதத்தில், எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பெரிய வீடு வைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு வேலையும் செய்ய வேண்டாம், உட்கார்ந்து நாவல் எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வீட்டில் போய்த் தங்கினால் ஒரு குடம் தண்ணீராவது எடுத்து வைக்க வேண்டாமா, நாலு வெங்காயமாவது உரித்துக் கொடுக்க வேண்டாமா. உன் சின்ன அத்தை காசியம்மா வேறு வந்து, “வயசுப் பொண்ணு, தின்ன தட்டக்கூட கழுவலன்னா வளத்தவளத்தான் பேசுவாங்க அண்ணி” என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அதனால் அந்த வீட்டை நிர்வாகம் பார்க்கும் துரைசானி அம்மாளுக்கு நானே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். என் மகளுக்குக் கூச்சம் அதிகம், தானாக வந்து கேட்க மாட்டாள், நீங்களே சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு ஏதாவது வேலை கொடுங்கள் என்று இரண்டு வரிதான் நான் சொன்னது. அதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது நம் தெரு சுப்ராயன் மாமா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சமையல் பிரிவில் இருபது வருஷம் இருந்து கற்றது. இரண்டு வரிக்கு ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறதே என்று தமிழில் படிக்கச் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு விசில் ஊதி எழுப்பவும், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரிக்க வைக்கவும், மறுத்தால் இரண்டு மூட்டை என்று இருந்தது. “அப்புடி எழுதுனாத்தான் அவங்களுக்குப் புரியுங்க” என்றார். விஷயம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று நானும் கையெழுத்துப் போட்டு, மரியாதைக்கு ஒரு பொட்டலம் குங்குமமும் உள்ளே வைத்து, செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. அங்கே எழுதுகிறவர்கள் சமையல்கட்டுப் பக்கமே வரக் கூடாதென்பது சட்டம், மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கூடையில் வைத்துச் சத்தமில்லாமல் கதவோரம் விட்டுப் போகிறார்கள், இந்த ஆறு மாதத்தில் முடியாவிட்டால் இந்த நாவல் என்றைக்குமே முடியாது என்று எழுதியிருந்தாய். படித்ததும் தபால் ஆபீசுக்கு ஓடினேன், பை போய்விட்டது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு, “எட்டு வருசமா அவ பேனாவ எடுக்குறப்பல்லாம் கூப்புட்ட, இப்ப கடல் தாண்டிப் போனவளயும் அடுப்படிக்குக் கூப்புட்டுட்டியேடி” என்றார். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அவர் சொன்னது நிஜம்தானே கண்ணு.

இந்தக் கடிதம் முந்தி வந்தால் அந்த அம்மாளிடம் போய், என் அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, எழுதினவருக்கும் தெரியாது என்று சொல்லிவிடு. அது முந்தி வந்துவிட்டால், குங்குமம் நெற்றிக்கு என்பதையாவது சொல், மிளகாய்த்தூள் என்று சூப்பில் போட்டுவிடப் போகிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நினைத்தபடி எழுதி முடித்து, பேரும் புகழுமாய் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, பூங்கோதை இங்கே கொஞ்சம் வா என்று யார் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. நான் கூப்பிட்டாலும்தான்.

உன் அம்மா
பங்கஜவல்லி