படத்தின் இடது ஓரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இருமலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, பெரும்பாலும் நல்ல சேதிதான்.

உன் மாமா மின்வேலை பார்க்கும் ஓவியக் கூடத்தில், பழைய ஓவியங்களோடு ஜனங்கள் தொட்டுப் பேசி விளையாடுகிற மாதிரி புதிதாக ஏதோ செய்கிறார்கள். திறப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வயதானவர்களும் வேண்டுமாம், வா என்றான். போனால் வாசலிலேயே உன் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் கூப்பிட்டுவிட்டு இரண்டு பேரிடமும் மூச்சு விடவில்லை, களவாணி. உன் கல்யாணத்துக்கு நான் நேரில் வந்து அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு வராமல் இருந்தவள், அதற்கப்புறம் கடைத்தெருவில் பக்கத்தில் உரசிக்கொண்டு போனால்கூட என்னைக் கண்டுகொள்ள மாட்டாள், நான் மட்டும் சளைத்தவளா என்று நானும் போய்விடுவேன், உனக்குத் தெரியாததா. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அதை வடிவமைத்த பெண் ஓடி வந்து எங்களை ஜோடி சேர்த்துவிட்டாள்.

ஆற்றைக் கடக்கும் படகுகளை வரைந்த அந்தக் காலத்து ஓவியம், சுவர் அகலத்துக்குத் திரையில் விரிகிறது. என் காதில் மாட்டிய கருவியில் ஒரு குரல் ஓவியத்தில் இருக்கும் ஒரு ஆளை அடையாளம் சொல்லும், நான் சொல்ல அவள் அந்த ஆளைத் தொட வேண்டும், தொட்டால் அவர் தன் கதையைச் சொல்வார். நடுவில் இருந்த துணி வியாபாரியை உடனே தொட்டாள், அவர் வாயைத் திறந்து படகுக்காரனைத் திட்டியதும் எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்து இடது ஓரத்தில் விளக்கு பிடித்திருப்பவன். "அங்க யாரும் இல்லடி" என்றாள். "எவ்வளவு பெரிய விளக்கு, நல்லா பாருக்கா" என்றேன். "வேணும்னே என்னை முட்டாளாக்குற" என்று அவள் கத்த, "உனக்கு எப்பவும் பிடிவாதம்தான்" என்று நான் கத்த, கூடமே திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் கழித்து முதல் பேச்சே இப்படி. அப்புறம்தான் அவள் கையைக் கவனித்தேன். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி திரையின் சட்டத்தைத் தடவிக்கொண்டே போகிறாள். "பக்கத்துல இருக்கிறது தெரியலையாக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். "நேரா இருக்கிறது தெரியுதே, போதாதா" என்றாள். கடைத்தெருவில் அவள் என்னைப் பார்க்கவே இல்லையடி. நான்தான் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மகனுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டித் தன்னோடு கூட்டிப் போய்விடுவான் என்று இவ்வளவு நாளும் மறைத்திருக்கிறாள். தினமும் நான்தான் போய் சொட்டு மருந்து விடுகிறேன், திற என்றால் இறுக்கி மூடிக்கொள்கிறாள், எரிச்சலாக வருகிறது, ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

நடந்ததைக் கேட்ட அந்த ஓவியக் கூடத்துப் பெண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். இப்போது ஓவியம் மெல்ல நகர்ந்து ஒவ்வொருவராக நடுவுக்கு வருகிறார்கள். போன வாரம் மறுபடி சோதிக்கப் போனோம். விளக்குக்காரன் வந்தான், பெரியம்மா தொட்டாள், கடைசிப் படகு கரை சேரும்வரை நிற்பேன் என்று அவன் சொன்னதை அசையாமல் கேட்டாள். "நெசமாவே இருந்திருக்கான்டி" என்றாள். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. எனக்கு அதுவே போதும்.

இந்தக் கண் நோய் ரத்த சொந்தத்தில் தொடருமாம், நான் காட்டிவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை. நீயும் சாக்குச் சொல்லாமல் கண்ணைக் காட்டிவிடு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீடியோவில் கூப்பிடுவாள், மறக்காமல் எடு. மாப்பிள்ளை வழக்கம்போல் ஓரத்தில் நிற்க வேண்டாம், உன்னோடு ஒட்டி நடுவில் உட்காரட்டும். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம் அவளுக்கு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா